பொன்நிலத்துக் காட்டுநாய்

நுழையும்முன்

மனிதன் செல்வம் தேடிச் சென்ற நிலங்களுள் பலவும் அவன் வருவதற்கு முன்பே வேறோர் உயிரின் வாழிடமாக இருந்தவை. ஆஸ்திரேலியாவின் பொன்விளையும் வறண்ட நிலம், டிங்கோ என்னும் காட்டுநாயின் நிலமுமாகும். தனியே பொன் தேடிச் செல்பவரும் அந்நாயும் எதிர்ப்படும்போது நிகழ்வது என்ன, அதற்குக் காரணங்கள் யாவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

செம்மண்ணில் பொன்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரமான பெர்த்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில் கால்கூர்லி என்னும் நகரம் உள்ளது. அதைச் சூழ்ந்து பல நூறு கி.மீ. பரப்பில் விரிந்து கிடக்கும் நிலம் சிவந்த மண்ணும் சிறுபுதர்களும் உப்புப் படிந்த வறண்ட ஏரிகளும் நிறைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு ஒன்றுகூட இல்லை. 1892ஆம் ஆண்டில் ஆர்தர் பெய்லி, வில்லியம் ஃபோர்டு ஆகிய இருவர் கூல்கார்டி என்னுமிடத்தில் பொன்னைக் கண்டனர். அடுத்த ஆண்டே பேட்ரிக் ஹேனன் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் கால்கூர்லியில் பொன் கண்டனர். செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அந்நிலத்தை நோக்கித் திரண்டனர்.

வந்தவர்களை முதலில் வாட்டியது நீரின்மை. ஆற்றுமணலில் பொன்னை அரித்தெடுக்க நீர் வேண்டும். அங்கே குடிப்பதற்கே நீர் இல்லை. எனவே, உலர்ந்த மண்ணை ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டில் உயரத்திலிருந்து கொட்டி, புழுதியைக் காற்றில் பறக்கவிட்டு, கனமான பொன்துகளை மட்டும் தங்கச் செய்தனர். களத்தில் நெல் தூற்றுவதைக் கண்டவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் சென்ற ஒட்டக ஓட்டிகள் உணவையும் கருவிகளையும் சுமந்து சென்று அந்தக் கூடாரங்களை வாழவைத்தனர். பெர்த்துக்கு அருகிலுள்ள அணையிலிருந்து ஏறத்தாழ 530 கி.மீ. நீளக் குழாய்வழியே நீர் வந்து சேர்ந்தது 1903ஆம் ஆண்டில்தான்.

பெருஞ்சுரங்கங்கள் தோன்றிய பின்னரும் தனியாளாகப் பொன் தேடும் வழக்கம் அங்கு அழியவில்லை. இன்றும் அரசிடம் சுரங்க உரிமச்சீட்டு பெற்ற ஒருவர், சட்டம் இசையும் நிலங்களில் உலோக உணர்கருவியுடன் பொன் தேடலாம். அத்தகைய கருவியின் துணையால் 1980இல் விக்டோரியா மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்ட பொற்கட்டி ஒன்று 27 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையது. ‘நம்பிக்கையின் கரம்’ என்று பெயரிடப்பட்ட அக்கட்டி தரைக்குக் கீழே ஒரு முழ ஆழத்தில்கூடப் புதைந்திருக்கவில்லை. இதுபோன்ற செய்திகள் ஆண்டுதோறும் பலரைப் பாலைநிலத்துக்கு அழைத்துச் செல்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் திரும்பும்போது கொண்டுவருவது சில கிராம் பொன்னும், துருப்பிடித்த ஆணிகளும், பழைய தகர டப்பாக்களின் துண்டுகளுமே. அந்நிலத்தின் காட்டுநாயைக் கண்ட நினைவும் சிலருக்கு வாய்ப்பதுண்டு.

டிங்கோ என்னும் விலங்கு

‘காட்டுநாய்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் மனத்தில் தோன்றுவது முதுமலையிலும் ஆனைமலையிலும் திரியும் செந்நாயாக இருக்கக்கூடும். டிங்கோ அதனின்றும் வேறானது. செந்நாய் நாய்க்குடும்பத்தில் தனிப் பேரினமாக நிற்பது. டிங்கோவோ நம் தெருநாய்க்கு மிக நெருங்கிய உறவு. நிமிர்ந்த காதுகள், அடர்ந்த வால், மெலிந்த உடல், பெரும்பாலும் மணலை ஒத்த பொன்பழுப்பு நிறம், வெண்மையான பாதங்கள் ஆகியன அதன் அடையாளங்கள். கருமையும் வெண்மையுமான டிங்கோக்களும் உண்டு. எடை பெரும்பாலும் 12 முதல் 20 கிலோ வரை இருக்கும். அது குரைப்பது அரிது, ஊளையிடுவதே மிகுதி. வீட்டுநாய் ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடியது. டிங்கோ ஒருமுறை மட்டுமே ஈனும். ‘டிங்கோ’ என்னும் பெயர், சிட்னிப் பகுதித் தொல்குடியினரின் தாருக் மொழியிலிருந்து ஆங்கிலேயர் பெற்ற சொல்லாகும்.

இவ்விலங்கு ஆஸ்திரேலியாவில் தோன்றியதன்று. கடல் கடந்து, மனிதரின் படகுகளில் வந்திருக்க வேண்டும் என்பதே அறிஞர் கருத்து. நல்லார்பர் சமவெளியில் உள்ள மதுரா குகையில் கிடைத்த டிங்கோ எலும்புகள் ஏறத்தாழ 3,300 ஆண்டுகள் பழமையானவை எனக் கணக்கிடப்பட்டுள்ளன. பனிக்காலத்தின் இறுதியில் கடல்மட்டம் உயர்ந்து டாஸ்மேனியா தனித்தீவாகப் பிரிந்த பின்னரே டிங்கோ வந்தது. ஆகவே அத்தீவில் அது இருந்ததில்லை. டாஸ்மேனியப் புலி என்னும் பையுண்ணி விலங்கு தலைநிலத்தில் மறைந்த பின்னரும் அத்தீவில் மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை உயிர்வாழ்ந்ததற்கு இதையே காரணமாகக் காட்டுவோர் உள்ளனர். தட்பவெப்ப மாற்றத்தையும் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் காரணமாகக் காட்டுவோரும் உள்ளனர்.

டிங்கோவை இந்தியர் கொண்டுசென்றனரா என்னும் வினாவும் ஒருகாலத்தில் எழுந்தது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மக்கள் சென்றிருக்கலாம் என்றும், டிங்கோவும் அவர்களுடன் சென்றிருக்கலாம் என்றும் 2013இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கருதியது. தென்னிந்திய மக்களின் மரபணுக்களும் அவ்வாய்வில் ஒப்பிடப்பட்டன. மூன்றாண்டுகளில் வந்த மற்றோர் ஆய்வு, தந்தைவழி மரபணுவில் அத்தகைய தொடர்புக்குச் சான்று இல்லை என்று காட்டியது. டிங்கோவுக்கு மிக நெருங்கிய உறவாக இன்று அறியப்படுவது நியூகினித் தீவின் மலைகளில் வாழும் பாடும்நாய்.

தெரியுமா?

எலும்புகள் கிடைத்த குகைக்குப் பெயர் தந்த மதுரா என்னும் சிற்றூருக்கு இந்தியாவோடு வேறொரு தொடர்பு உண்டு. 1876இல் அமைந்த அவ்வூரில், பிரிட்டிஷ் இந்தியப் படைக்கெனக் குதிரைகள் வளர்க்கப்பட்டன.

நீர் காட்டும் நாய்

தொல்குடியினர் டிங்கோவைப் பகையாகக் கருதவில்லை. குகைகளிலிருந்தும் வளைகளிலிருந்தும் குட்டிகளை எடுத்துவந்து குழந்தைகளோடு குழந்தையாக வளர்த்தனர். வளர்ந்து இணைசேரும் பருவம் வந்ததும் அவற்றுட் பல காட்டுக்குத் திரும்பின. தொல்குடியினரும் அதைத் தடுக்கவில்லை. இரவின் குளிருக்கு அணைத்துக்கொள்ள ஓர் உடலாகவும், அயலார் வரவை உணர்த்தும் காவலாகவும் அவை விளங்கின.

அவற்றால் கிடைத்த பயன்களுள் பொன்நிலத்துக்கு மிகவும் உரியது நீர். வறண்ட ஓடையின் மணலுக்கடியில் ஈரம் இருக்கும் இடத்தை டிங்கோ மோப்பத்தால் அறிந்து தோண்டும். பாறைக்குழிகளில் தேங்கிய மழைநீர் எங்குள்ளது என்பதும் அதற்குத் தெரியும். பல திசைகளிலிருந்து வரும் நாய்த்தடங்கள் ஓரிடத்தில் கூடுமாயின் அங்கே நீர் இருக்கக்கூடும் என்பது அந்நிலத்தில் தடம் பார்க்கத் தெரிந்தவர்களின் அறிவு. இவ்வறிவு தமிழருக்கும் புதிதன்று. வேட்டையாடிய செந்நாய்கள் கிளறி உண்டு எஞ்சிய சிறிதளவு கலங்கல் நீரைத் தன்னோடு பருகத் தலைவி வருவாளாக என்று தலைவன் எண்ணும் பாலைப் பாடல் ஒன்று குறுந்தொகையில் உள்ளது. கடல்களுக்கு அப்பாற்பட்ட இரு பாலைநிலங்களில் இருவகை நாய்கள் ஒரே வேலையைச் செய்துள்ளன.

பொன் தேடி வந்தவர்களோ அத்தடங்களைப் படிக்கத் தெரியாதவர்கள். தொல்குடியினரின் பாறைக்குழி நீரைத் தாங்களும் தங்கள் குதிரைகளும் குடித்துத் தீர்த்தனர். அந்நீரை நம்பியிருந்த மக்களும் விலங்குகளும் அடைந்த இழப்பு, பொன் வேட்டையின் வரலாற்றில் சுருக்கமாகவே பேசப்படுகிறது.

எதிர்ப்படும் கணம்

காட்டினுள் செல்பவர் அனைவருக்கும் விலங்கு ஒரே வகையில் எதிர்ப்படுவதில்லை. வேட்டைக்காரர் காதுகளைக் கூர்மையாக்கி நடப்பார். பறவை காண்பவரின் கண்கள் நாற்புறமும் அலையும். பொன் தேடுபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. உலோக உணர்கருவி எழுப்பும் மெல்லிய ஒலி மாற்றத்தைக் கேட்பதற்காக அவர் ஹெட்ஃபோனால் இரு காதுகளையும் மூடியிருப்பார். கருவியின் வட்டத்தட்டு செல்லும் ஓரடி நிலத்தைவிட்டு அவர் பார்வை அகலாது. ஒலி கேட்டவுடன் மண்டியிட்டுச் சிறுகோடரியால் மண்ணைக் கிளறத் தொடங்குவார். காதும் கண்ணும் ஒருபொருளில் குவிந்து, உடலும் தாழ்ந்திருக்கும் அந்நிலையில், பின்னால் முப்பது அடி தொலைவில் ஒரு விலங்கு வந்து அமர்ந்தாலும் அவருக்குத் தெரியாது. தலை நிமிரும்போதுதான் தெரியும்.

காலமும் இதற்குத் துணைசெய்கிறது. பொன்நிலத்தில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். எனவே ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட குளிர்மாதங்களிலேயே பெரும்பாலோர் பொன் தேடச் செல்கின்றனர். டிங்கோக்கள் இணைசேர்வதும் குட்டி ஈனுவதும் அம்மாதங்களில்தான். இணை தேடும் நாய்கள் நெடுந்தொலைவு அலைவதும், குட்டிகளுக்கு இரை தேடும் தாயும் தந்தையும் ஓயாது திரிவதும் அப்போதே. நாளின் பொழுதுகளும் அவ்வாறே பொருந்துகின்றன. வெயில் ஏறாத காலையும் வெயில் தாழ்ந்த மாலையும் மனிதர் விரும்பும் வேளைகள்; டிங்கோ மிகுதியாக நடமாடுவதும் அவ்வேளைகளில்தான்.

அருகில் வரும் டிங்கோ தாக்கவே வருகிறது எனக் கொள்வது தவறு. மனிதரை மிகுதியாகக் கண்டிராத இளநாய்க்கு, கோல் ஒன்றை இடமும் வலமும் வீசியபடி மெல்ல நகரும் உருவம் விளங்காத புதுப்பொருள். அது நிற்கும், பார்க்கும், காற்று எத்திசையில் வீசுகிறதோ அதற்கேற்பச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். சிறிது தொலைவு பின்தொடரவும் செய்யும். பெரும்பாலும் அந்த ஆய்வு முடிந்ததும் வந்த வழியே சென்றுவிடும். கூட்டமாகச் சூழ்தல், தலையைத் தாழ்த்தி நெருங்குதல், விரட்டியும் விலகாதிருத்தல் ஆகியன வேறுவகை அறிகுறிகள். குட்டிகள் உள்ள வளைக்கு அருகில் மனிதர் அறியாமல் சென்றுவிட்டாலும் நாயின் நடத்தை மாறும்.

அந்நேரத்தில் செய்யத்தக்கது யாது? டிங்கோக்கள் மிகுந்த பகுதிகளில் அரசு அளிக்கும் அறிவுரை தெளிவானது. முழு உயரத்துக்கு எழுந்து நிற்க வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். நாயை நேராகப் பார்த்தவாறே, முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். உடன்வந்தவரை உரத்த குரலில் அழைக்க வேண்டும். எக்காரணத்தாலும் ஓடக்கூடாது, ஓடுவதைத் துரத்துவது நாய்க்குலம் முழுமைக்கும் உரிய இயல்பு. நாய் பாய்ந்துவிட்டால் கையிலுள்ள கோலாலோ கோடரியாலோ எதிர்த்துப் போராடத்தான் வேண்டும்.

நம் ஊர்த் தெருநாயைக் கல்லெடுப்பதுபோல் குனிந்தே விரட்டிப் பழகியவர்க்கு இவ்வறிவுரை வியப்பளிக்கலாம். தெருநாய் தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்ந்து, குனிதலுக்குப் பின் கல் வரும் என்று கற்றிருக்கிறது. பாலைநிலத்து டிங்கோவுக்கு அந்தப் பாடம் யாரும் கற்பிக்கவில்லை. அதற்குத் தெரிவதெல்லாம், நிமிர்ந்திருந்த உருவம் சட்டென்று சிறிதாகிவிட்டது என்பதே. படமெடுப்பதற்காகத் தரையில் அமர்வதும் இதே காரணத்தால் ஆகாது.

உணவு செய்யும் மாற்றம்

டிங்கோவின் நடத்தையை அதன் இயல்பைக் காட்டிலும் மிகுதியாக மாற்றுவது மனிதர் எறியும் உணவு. இதற்குப் பொன்நிலத்திலேயே சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் உள்ள தனாமிப் பாலைநிலத்தில், பொன் சுரங்கத்தின் குப்பைக் கிடங்கை நம்பி வாழ்ந்த டிங்கோக்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கண்காணித்தனர். கழுத்துப்பட்டையில் பொருத்திய கருவிகள் அவற்றின் நடமாட்டத்தைப் பதிவுசெய்தன. இரைதேடிப் பரந்த நிலத்தில் அலைய வேண்டிய விலங்குகள் கிடங்கைச் சுற்றிய சிறுபரப்பிலேயே தங்கிவிட்டன. அவற்றின் உணவில் பெரும்பகுதி சமையற்கூடக் கழிவாக இருந்தது. உடல் பருத்தது, கூட்டமும் பெருகியது. மனிதர் நடமாட்டம் அவற்றுக்கு அச்சம் தருவதாக இல்லாமல் உணவு வரும் அறிகுறியாகிவிட்டது.

இத்தகைய மாற்றத்தின் விளைவு தீங்காகவும் முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், தொலைவிடச் சுரங்கம் ஒன்றில் பணியாற்றிய பெண்ணை 2018இல் டிங்கோக்கள் தாக்கிக் கடுமையாகக் காயப்படுத்தின. குயின்ஸ்லாந்துக் கடற்கரையை ஒட்டிய குகாரித் தீவில் 2001ஆம் ஆண்டு ஒன்பது அகவைச் சிறுவன் ஒருவன் டிங்கோக்களால் உயிரிழந்தான். அத்தீவு முன்னர் ஃபிரேசர் தீவு என அழைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் பல்லாண்டுகளாக உணவளித்ததால் அங்குள்ள நாய்கள் மனிதரை அஞ்சுவதை விட்டிருந்தன. அன்புடன் ரொட்டித்துண்டை நீட்டிய கைகள் யாருடையவை என்பது யாருக்கும் தெரியாது. அதன் விளைவு வேறொருவர் மீது விழுந்தது. தாக்கிய நாய்களும் சுட்டுக் கொல்லப்பட்டன. அத்தீவில் டிங்கோவுக்கு உணவளிப்பது தண்டத்துக்குரிய குற்றம்.

நம்ப மறுத்த நீதிமன்றம்

டிங்கோவைக் குறித்த அச்சம் மிகுவது ஒருபுறம் தீங்கென்றால், அது தீங்கே செய்யாது என்னும் நம்பிக்கையும் தீங்காக முடிந்ததுண்டு. 1980 ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவின் நடுவேயுள்ள உலுரு என்னும் பெரும்பாறையின் அருகில் முகாமிட்டிருந்த குடும்பத்தின் கூடாரத்திலிருந்து அசாரியா என்னும் ஒன்பது வாரப் பெண்குழந்தை காணாமற்போனது. கூடாரத்திலிருந்து டிங்கோ ஒன்று வெளியேறியதைக் கண்டதாகத் தாய் லிண்டி சேம்பர்லின் கதறினார். அப்பகுதியின் டிங்கோக்கள் துணிவு மிகுந்துவருகின்றன என்று வனக்காவல் அலுவலர் சில மாதங்களுக்கு முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தார். அன்றிரவே தேடச் சென்ற தொல்குடித் தடம்பார்ப்போர், சுமையோடு சென்ற நாயின் தடத்தை மணலில் படித்தனர்.

நகரங்களில் வாழ்ந்தோர் இதனை நம்ப மறுத்தனர். இவ்வளவு சிறிய நாய் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்லுமா என்று வினவினர். மகளை இழந்த தாய் பலர் முன் கண்ணீர் விடவில்லை என்பதும் அவருக்கு எதிரான சான்றாகப் பேசப்பட்டது. மகிழுந்தில் கண்ட கறைகளைக் குழந்தையின் குருதி என்று ஆய்வக வல்லுநர் கூறினார். 1982இல் லிண்டி கொலைக்குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றார்.

மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். 1986இல் உலுருவிலிருந்து தவறி விழுந்த பயணி ஒருவரின் உடலைத் தேடியபோது, டிங்கோ வளைகள் நிறைந்த இடத்தில் குழந்தையின் மேற்சட்டை தற்செயலாகக் கிடைத்தது. அப்படி ஒரு சட்டையைக் குழந்தை அணிந்திருந்ததாகத் தாய் தொடக்கம் முதலே கூறிவந்தார். அதையும் எவரும் நம்பவில்லை. அவர் விடுவிக்கப்பட்டார். குருதி என்று கூறப்பட்டது, மகிழுந்துத் தொழிற்சாலையில் ஒலி தடுக்கப் பூசப்படும் பொருள் எனப் பின்னர் தெரியவந்தது. 1988இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. குழந்தையின் இறப்புக்கு டிங்கோவே காரணம் என்று இறப்பு விசாரணை அலுவலர் இறுதியாகப் பதிவுசெய்தது 2012 ஜூன் மாதத்தில். குழந்தை மறைந்து அப்போது ஏறத்தாழ 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. மணலில் எழுதியிருந்ததை முதல் இரவே படித்தவர்களின் சொல்லுக்கு வழக்கில் உரிய மதிப்புக் கிடைத்திருக்குமாயின், இவ்வளவு காலம் தேவைப்பட்டிராது.

வேலியும் நஞ்சும்

செம்மறி ஆடு வளர்ப்போர்க்கு டிங்கோ வேறொரு முகம் உடையது. ஆட்டுக்கிடையுள் புகுந்த நாய் தான் உண்ணும் அளவோடு நிற்பதில்லை. ஒரே இரவில் பல ஆடுகளைக் கடித்துக் குதறிப் போட்டுவிடும். காலையில் அவற்றை எண்ணிப் பார்ப்பவரின் வேதனையை, தொலைவில் இருந்துகொண்டு காட்டுயிர்க் காப்பைப் பேசுவோர் சில வேளைகளில் எளிதாகக் கருதிவிடுகின்றனர். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டுநிலங்களைக் காக்க எழுப்பப்பட்ட டிங்கோ வேலி, குயின்ஸ்லாந்திலிருந்து நல்லார்பர் கடற்பாறைகள் வரை 5,614 கி.மீ. நீளமுடையது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரையுள்ள தொலைவைவிட அது நெடியது. மேற்கு ஆஸ்திரேலியாவிலோ, முயல்களைத் தடுக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட வேலியின் பகுதிகள் இன்று காட்டுநாய்களையும் ஈமு பறவைகளையும் தடுக்கப் பயன்படுகின்றன.

வேலி, எதிர்பாராத ஓர் ஆய்வுக்களமாகவும் ஆயிற்று. டிங்கோ உள்ள பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், டிங்கோ இல்லாத பக்கத்தில் நரியும் கங்காருவும் பெருகியிருப்பதைக் கண்டனர். நரி பெருகிய இடத்தில் தாவெலி என்னும் சிற்றுயிர் குறைந்தது. புதர்களின் விதைகளைத் தின்னும் தாவெலி குறையவே புதர்கள் அடர்ந்தன. மணல்மேடுகளின் வடிவமும் வேறுபட்டது. ஆட்டுக்காரரின் பகையாகிய விலங்கு, தாவெலிக்குக் காவலாக நிற்கிறது.

வேலி இல்லாத இடங்களில் நஞ்சு பயன்படுகிறது. ‘1080’ என்னும் எண்ணையே பெயராகக் கொண்ட நஞ்சை இறைச்சித் துண்டுகளில் ஏற்றி, டிங்கோக்கள் நடமாடும் வழிகளில் இடுகின்றனர். விமானத்திலிருந்து வீசுவதும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் வளரும் சில செடிகளில் இந்நஞ்சு இயற்கையாகவே உள்ளது. அச்செடிகளோடு நெடுங்காலம் வாழ்ந்த உள்நாட்டு விலங்குகள் அதனைத் தாங்கும் ஆற்றல் பெற்றுள்ளன. பின்னாளில் வந்த நாய்க்கும் நரிக்கும் அவ்வாற்றல் இல்லை. கொல்லப்படுவன ‘காட்டுநாய்கள்’ என்றே பதிவேடுகளில் குறிக்கப்படுகின்றன. வீட்டுநாயோடு கலந்து கெட்ட இனம் என்னும் பொருள் அச்சொல்லில் தொக்கி நிற்கிறது. அண்மைக்கால மரபணு ஆய்வுகளோ, அவற்றுள் பெரும்பாலானவை கலப்பற்ற டிங்கோக்களே அல்லது டிங்கோ மரபே மிகுந்தவை என்று காட்டியுள்ளன.

இந்நஞ்சு பொன் தேடுவோரையும் நேராகத் தொடுகிறது. தனிமைக்குத் துணையாகவும் இரவுக்குக் காவலாகவும் வளர்ப்புநாயை உடன் அழைத்துச் செல்வோர் பலர். பண்ணை நிலங்களின் வாயில்களில், நஞ்சிட்ட இறைச்சி போடப்பட்டுள்ளது என்னும் எச்சரிக்கைப் பலகை தொங்கும். மழையில் கரைந்து வலிமை இழக்கும்வரை அத்துண்டு வாரக்கணக்கில் கொடியதாகவே கிடக்கும். காகம் கவ்விச் சென்று வேறிடத்தில் போட்டுவிடவும் கூடும். அதை விழுங்கிய நாய்க்கு மாற்று மருந்து இல்லை. விலங்கு மருத்துவர் இருக்கும் ஊரோ பல மணிநேரப் பயணத் தொலைவில் இருக்கும்.

எனவே பட்டறிவு மிக்கவர்கள் முகாமிட்ட முதல் மாலையிலேயே சில வேலைகளை முடித்துவிடுகின்றனர். உணவுப் பெட்டியும் குப்பைப் பையும் வண்டிக்குள் பூட்டப்படுகின்றன. இறைச்சி வாட்டிய தட்டு கழுவப்படுகிறது. தோலின் மணம் நாயை இழுக்கும் என்பதால் காலணிகள்கூட வெளியே விடப்படுவதில்லை. மறுநாள் காலை, கருவியை எடுப்பதற்கு முன், வளர்ப்புநாயின் முகத்தில் கம்பி வாய்ப்பூட்டு மாட்டப்படுகிறது. அதனால் நீர் பருகவும் மூச்சிரைக்கவும் முடியும். தரையில் கிடக்கும் எதையும் கவ்வ முடியாது. சிவந்த மண்ணில் அது தன் தலைவரை ஒட்டியே நடக்க, புதர்களுக்கு அப்பால் ஊளையொலி கேட்கும்போது காதுகளை நிமிர்த்தி நிற்கிறது.